இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களை வளர்த்த தாயார்

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் என நம் கடற்கரை ஊர்களில் பிறக்கும் பிள்ளை, ஒளூச் செய்யப் பழகும் வயதிலேயே ஷாஃபிஈ என்னும் சொல்லைக் கேட்டுவிடுகிறது. ஸுபுஹுத் தொழுகையில் குனூத் ஓதும் ஒவ்வொரு நாளும் அந்தச் சங்கை மிகு இமாமவர்களின் வழியைப் பற்றியே நாம் நிற்கிறோம். இலங்கை முஸ்லிம்களும், மலபார் மக்களும், கடல் கடந்த இந்தோனேசியா, மலேசியா நாட்டவரும் அப்படியே. ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்த நம் சகோதரர்களும் அவர்களின் பெயரைச் சொன்னால் ரஹ்மத்துல்லாஹி அலைஹி என்று சேர்த்துச் சொல்லத் தவறுவதில்லை.

அந்த இமாமை வளர்த்து ஆளாக்கிய தாயாரைப் பற்றி மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை. தந்தையை இழந்த எத்தீம் பிள்ளை, ஏழைத் தாயார் வளர்த்தார்கள் என்று ஒரு வரியோடு பயானில் கடந்து போய்விடுகிறோம். கிதாபுகளில் அந்த அம்மையாரைப் பற்றி இருக்கும் செய்திகள் சிலவே. அந்தச் சிலவும் ஓரிடத்தில் இல்லை. இமாமவர்களின் வாழ்க்கைச் சம்பவங்களுக்கு இடையே சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தால், அந்த வாழ்க்கையின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு விதவைத் தாயின் முடிவு இருப்பதைக் காண்கிறோம்.

ஹிஜ்ரி 150-ஆம் ஆண்டு (கி.பி. 767) பலஸ்தீனத்தின் கஸ்ஸா நகரில் இமாமவர்கள் பிறந்தார்கள். பக்தாதில் இமாமுல் அஃளம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் வஃபாத்தான ஆண்டும் அதுவே. பிள்ளைக்கு முஹம்மது என்று பெயர். தந்தையார் இத்ரீஸ், குறைஷிக் குலத்தில் முத்தலிபின் வழிவந்தவர்கள். நபி (ஸல்) அவர்களின் வமிசமும் இமாமவர்களின் வமிசமும் அப்து மனாஃபிடம் ஒன்று சேர்கின்றன. மக்கத்துக் காஃபிர்கள் அபூதாலிப் பள்ளத்தாக்கில் மூன்றாண்டுகள் ஒதுக்கிவைத்தபோது, ஹாஷிம் குடும்பத்தாரோடு சேர்ந்து பசியைத் தாங்கியவர்கள் இந்த முத்தலிப் குடும்பத்தார்தாம்.

இத்ரீஸ் அவர்கள் வறுமையில் வாழ்ந்து இளமையிலேயே காலமானார்கள். கைக்குழந்தையோடு அந்நிய ஊரில் தனியே நின்றார்கள் தாயார். அவர்கள் யமன் நாட்டு அஸ்த் கோத்திரத்தைச் சேர்ந்தவர்கள் என்பதே பெரும்பாலோர் கூற்று. அலி (ரலி) அவர்களின் வழித்தோன்றல் என்று சொல்வாரும் உண்டு. இமாமவர்களின் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் முந்தியதையே வலுவானதாகக் கொள்கிறார்கள்.

கணவனை இழந்த பெண்ணுக்கு முதலில் நினைவு வருவது தாய்வீடுதான். ஆனால் இந்தத் தாயார் மகனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது மக்காவில், தகப்பன் வழி உறவினரிடம். அந்நிய மண்ணில் வளர்ந்தால் பிள்ளையின் வமிசம் மறந்துபோய்விடும், அவன் யார் என்பதே தெரியாமல் போய்விடும் என்று அஞ்சியே அவ்வாறு செய்தார்கள் என அறிவிப்புகள் கூறுகின்றன. அப்போது பிள்ளைக்கு வயது இரண்டு என்று ஓர் அறிவிப்பும், பத்து என்று மற்றோர் அறிவிப்பும் உள்ளன. கஸ்ஸாவிலிருந்து மக்கா ஆயிரம் கிலோ மீட்டருக்கும் அதிகமான தூரம். ஒட்டகப் பாதை, பாலைவனம். வமிசம் என்பது பெருமை பேசுவதற்கு என்று நினைத்திருந்தால் ஊரில் இருந்தபடியே பேசியிருக்கலாம். ஹரம் ஷரீபின் நிழலில், ஹதீதும் ஃபிக்ஹும் பேசப்படும் ஊரில் பிள்ளை வளர வேண்டும் என்பது அவர்களின் ஆசையாக இருந்திருக்கும் என்றே நாம் கருதுகிறோம்.

மக்காவில் ஷிஃபுல் கைஃப் என்னும் பகுதியில் வீடு. வறுமையோ வறுமை. பிள்ளையை ஓதவைக்க உஸ்தாதிடம் அனுப்பினார்கள். உஸ்தாதுக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லை. கூலி வராத பிள்ளையை உஸ்தாது முதலில் அவ்வளவாகக் கவனிக்கவும் இல்லை. ஆனால் மற்றப் பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக் கொடுப்பதை இந்தப் பிள்ளை கேட்ட மாத்திரத்தில் மனனம் செய்துகொள்வதையும், அவர் எழுந்து போனால் மற்றவர்களுக்கு இவனே சொல்லிக் கொடுப்பதையும் கண்டார். இவன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதே நாம் கேட்கும் கூலியைவிட மேல் என்று அவருக்குத் தோன்றியது. அதன்பின் கூலி கேட்கவில்லை. ஏழு வயதில் குர்ஆன் முழுவதும் மனனமாயிற்று.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மாதக் கட்டணம் இரண்டு மாதம் நின்றுபோனால் பிள்ளையை எழுப்பி விட்டுவிடும் இடங்களை நாமும் பார்த்திருக்கிறோம். கட்டணம் கொடுக்க முடியாத வெட்கத்தால் தாயே பிள்ளையை நிறுத்திவிடுவதும் உண்டு. அந்த உஸ்தாதின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. இமாம் ஷாஃபிஈயின் முதல் உஸ்தாது என்னும் நன்மை அவருடைய ஏட்டில் இருக்கிறது. வெறுங்கையோடு பிள்ளையை அனுப்ப வெட்கப்படாத தாயாரின் ஏட்டிலும் இருக்கிறது.

குர்ஆனை முடித்தபின் பிள்ளை ஹரம் ஷரீபில் உலமாக்களின் சபைகளில் போய் அமர ஆரம்பித்தான். கேட்கும் ஹதீதுகளையும் மஸ்அலாக்களையும் எழுதிக்கொள்ளக் காகிதம் வாங்க வழியில்லை. அகன்ற எலும்புகளைப் பொறுக்கி அவற்றில் எழுதினான். எலும்பு நிரம்பிவிட்டால் வீட்டில் இருந்த ஒரு பழைய ஜாடியில் போட்டு வைத்தான். அரசாங்க அலுவலகத்துக்குப் போய், ஒரு பக்கம் எழுதிக் கழித்த தாள்களைக் கேட்டு வாங்கி, மறு பக்கத்தில் எழுதினான். குப்பை என்று அந்த எலும்புகளை வெளியே எறியாமல், சிறு வீட்டில் இடம் கொடுத்து வைத்திருந்தவர்கள் யார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. பத்து வயதில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா மனனமாயிற்று.

பிள்ளைக்கு இரண்டு பிரியங்கள் இருந்தன. ஒன்று இல்மு, மற்றொன்று அம்பு எய்தல். பத்து அம்புகளில் பத்தும் குறி தவறாத அளவுக்கு அதில் தேர்ச்சி. பின்னர், அறபு மொழியின் சுத்தமான வழக்கைக் கற்க மக்காவுக்கு வெளியே பாலைவனத்தில் ஹுதைல் கோத்திரத்தாரோடு போய்த் தங்கினார்கள் இமாமவர்கள். அவர்கள் கூடாரம் அடிக்கும் இடத்தில் தாமும் தங்கி, அவர்கள் கிளம்பினால் தாமும் கிளம்பி, ஆண்டுக்கணக்கில் அந்த வாழ்க்கை நடந்தது. ஹுதைல் புலவர்களின் கவிதைகளை மொழிப் பேரறிஞர் அஸ்மஈயே இமாமவர்களிடம் வந்து ஓதிச் சரிபார்த்துக்கொண்டார் என்றால், அவர்களின் மொழி எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளலாம். விதவைத் தாய்க்கு இருந்தது ஒரே மகன். அவனைப் பாலைவனத்துக்கு அனுப்பிவிட்டு அந்த வீட்டில் தாயார் இருந்த நாட்களைக் கிதாபுகள் எழுதவில்லை.

தாயாரைப் பற்றி நாம் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஹிஜ்ரி 771-ல் வஃபாத்தான இமாம் தாஜுத்தீன் ஸுப்கி (ரஹ்) அவர்கள் ஷாஃபிஈ உலமாக்களின் வரலாற்றைத் தொகுத்த பெருநூலில் இது இருக்கிறது. மக்காவின் காஜியிடம் ஒரு வழக்கில் சாட்சி சொல்ல இமாமவர்களின் தாயார் போயிருந்தார்கள். உடன் சாட்சியாக வந்தவர் பிஷ்ருல் மரீஸி என்பவரின் தாயார். காஜி இரு பெண்களையும் பிரித்து, ஒருவரை வெளியே நிறுத்தி மற்றவரைத் தனியே விசாரிக்க எண்ணினார். சாட்சிகளில் சந்தேகம் ஏற்பட்டால் காஜிகள் அப்படிச் செய்வது வழக்கம்தான். ஆனால் இமாமவர்களின் தாயார் அதற்கு உடன்படவில்லை. ஸூரத்துல் பகராவின் 282-ஆம் ஆயத்தை எடுத்துக் காட்டினார்கள். கடன் கொடுக்கல் வாங்கலில் இரு பெண்களைச் சாட்சியாக வைக்கச் சொல்லும் அந்த ஆயத்து, ஒருத்தி மறந்தால் மற்றவள் நினைவூட்டுவதற்காக என்று காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது. இருவரையும் பிரித்துவிட்டால் நினைவூட்டுவது எங்ஙனம்? அவ்வாறு பிரிக்கக் காஜிக்கு உரிமையில்லை என்று எடுத்துரைத்தார்கள். காஜி தம் எண்ணத்தைக் கைவிட்டார்.

இமாம் ஸுப்கி அவர்கள் இதைக் கதையாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. சட்ட நுணுக்கமாகவே எடுத்துக்கொண்டு அலசுகிறார்கள். சந்தேகம் வந்தால் சாட்சிகளைப் பிரித்து விசாரிப்பது நல்லது என்று மகனின் மத்ஹபில் பொதுவாகச் சொல்லப்பட்டிருக்க, பெண் சாட்சிகளுக்கு அதில் விதிவிலக்கு உண்டு என்பதைத் தாயாரின் சொல் தெளிவாகக் காட்டுகிறது என்றும், அது வலுவான, அழகிய ஆய்வு என்றும் எழுதுகிறார்கள். குர்ஆனின் ஒரு சொல்லில் இருந்து சட்டம் எடுக்கும் கலைக்கு முதன்முதல் நூல் எழுதியவர் இமாம் ஷாஃபிஈ. அர்ரிஸாலா என்பது அந்நூலின் பெயர். அந்தக் கலையில் ஒரு பாடம் அவர்களுடைய தாயாரின் வாயிலும் இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு யாஸீனும் நாலு ஸூராவும் போதும் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறை ஓதிப் பார்க்கட்டும்.

உடன் சாட்சியாக வந்த அம்மையாரின் மகன் பிஷ்ர், பிற்காலத்தில் கொள்கை வாதங்களில் தவறிப்போனவர், இமாமவர்களோடு வாதிட்டவர். அந்த அம்மையாரே இமாமவர்களிடம் வந்து, தம் மகனைக் கண்டித்துத் திருத்தும்படி வேண்டினார்கள் என்றும் பதிவாகி இருக்கிறது.

மக்காவின் முஃப்தி முஸ்லிம் இப்னு காலித் அஸ்ஸன்ஜி அவர்கள், இமாமவர்களுக்கு இருபது வயது நிரம்பு முன்பே மார்க்கத் தீர்ப்பு வழங்க அனுமதி கொடுத்தார்கள். பின் மதீனாப் பயணம். மக்கா கவர்னரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு, மதீனா கவர்னரையும் கூட்டிக்கொண்டு இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் வீட்டு வாசலுக்குப் போனார்கள். நபி (ஸல்) அவர்களின் இல்மு சிபாரிசுக் கடிதத்தால் பெறப்படும் நிலைக்கு வந்துவிட்டதா என்று இமாம் மாலிக் கடிந்துகொண்டு கடிதத்தை எறிந்துவிட்டார்கள். பிறகு இளைஞரின் முகத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள். ஹிஜ்ரி 179-ல் அந்த உஸ்தாது வஃபாத்தாகும் வரை தொடர்பு நீடித்தது.

மக்காவுக்குத் திரும்பியபோது இமாமவர்களுக்கு வயது ஏறத்தாழ முப்பது. இல்மு நிரம்பியிருந்தது, வீட்டில் வறுமை அப்படியே இருந்தது. யமன் கவர்னர் மக்கா வந்திருந்த சமயம் உறவினர் சிலர் பேசி, அவர்களுக்கு யமனில் ஓர் உத்தியோகத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். பயணத்துக்கு வேண்டிய சாமான் வாங்கப் பணம் இல்லை. பதினாறு தீனாருக்கு அடகு வைத்துப் பணம் திரட்டப்பட்டது. அடகுபோனது வீடு என்பது ஓர் அறிவிப்பு. தாயார் தம் மேலாடையை அடகு வைத்து மகனின் கையில் பணத்தைக் கொடுத்தார்கள் என்பது மற்றோர் அறிவிப்பு. வீடு, மேலாடை என இரண்டில் எதுவானாலும், முதுமையை நெருங்கும் ஒரு பெண்ணுக்கு மிஞ்சியிருந்தது அதுதான்.

சபுராளிகளின் ஊர்களில் இருக்கும் நமக்கு இந்தக் காட்சி புதிதல்ல. விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்த உம்மாமார்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஒன்றைத்தான் கவனிக்க வேண்டும்: அந்த அடகு ஷரீஅத் அனுமதித்த ரஹ்ன், வட்டி கலந்ததல்ல. இன்று நகையைக் கொண்டுபோய் வைக்கிற இடமெல்லாம் எப்படிப்பட்டவை என்பது வாசகர்களுக்குத் தெரியும். வட்டியில்லாக் கடன் கொடுக்க ஊரில் ஒரு பைத்துல்மால் இருந்தால், அங்கே முதலில் போய் நிற்க வேண்டியவர்கள் இந்தத் தாய்மார்கள்தாம்.

யமனில் நஜ்ரான் பகுதியில் நீதி தவறாமல் பணி செய்ததே பகையைக் கொண்டுவந்தது. அரசுக்கு எதிராகச் சதி செய்வதாகக் கோள் சொல்லப்பட்டு, ஹிஜ்ரி 184-ல் கலீஃபா ஹாரூன் ரஷீதின் முன் இமாமவர்கள் விலங்கோடு கொண்டுசெல்லப்பட்டார்கள். உடன் கொண்டுபோகப்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். இமாமவர்களின் வாதத் திறமையும், இமாம் அபூஹனீஃபாவின் பெரும் மாணவர் இமாம் முஹம்மது அஷ்ஷைபானி (ரஹ்) அவர்களின் நல்ல சாட்சியும் அவர்கள் உயிரைக் காத்தன. உத்தியோகம் போயிற்று. அந்த ஷைபானி அவர்களிடமே மாணவராக அமர்ந்து, ஓர் ஒட்டகச் சுமை அளவு இல்மை எழுதிக்கொண்டார்கள். ஷாஃபிஈ, ஹனஃபி என்று பள்ளிவாசலில் வரிசை பிரித்துப் பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

யமனிலிருந்து ஒருமுறை பத்தாயிரம் பணத்தோடு மக்கா திரும்பிய இமாமவர்கள், ஊருக்கு வெளியே கூடாரம் அடித்துத் தங்கி, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்து, அத்தனையும் தீர்ந்த பின்பே அவ்விடம் விட்டு எழுந்தார்கள் என்று மாணவர் ஹுமைதி (ரஹ்) அறிவிக்கிறார்கள். தாயார் கதவைத் திறக்க மறுத்து, பணத்தையெல்லாம் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள் என்று பயான்களில் இதை விரித்துச் சொல்வது உண்டு. ஹுமைதியின் அறிவிப்பில் அது இல்லை. ஆகவே நாமும் அதைச் சேர்க்கவில்லை. உள்ளதே போதுமானது.

ஹிஜ்ரி 195-ல் பக்தாத், பிறகு 199-ல் மிஸ்ர். இதற்கு மேல் தாயாரைத் தேட வேண்டுமானால் இமாமவர்கள் எழுதியவற்றில்தான் தேட வேண்டும். மிஸ்ரில் அவர்கள் எழுதியும் சொல்லியும் கொடுத்தவை மாணவர் றபீஃ அல் முராதி (ரஹ்) வழியாக நமக்கு வந்த பெருநூலாயின. அதன் பெயர் அல்உம்மு. அறபியில் உம்மு என்றால் தாய். நூலுக்கு ஆகும்போது மூலநூல் என்று பொருள். தம் தாயாரின் நினைவாக இட்ட பெயர் என்று சிலர் சொல்வதற்கு ஆதாரமில்லை.

ஆனால் அந்நூலில், பெற்றோரில் பிள்ளைக்கு உரியவர் யார் என்று பேசும் பகுதி ஒன்று உண்டு. பகுத்தறியும் வயது வரும் வரை பிள்ளை தாயிடமே இருக்க வேண்டும். ஏழு, எட்டு வயதாகிப் பகுத்தறிவு வந்தால், யாரிடம் இருப்பது என்று பிள்ளையிடமே கேட்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் ஒரு சிறுவனுக்குத் தாய் தந்தை இருவரில் ஒருவரைத் தேர்ந்துகொள்ள உரிமை கொடுத்ததை இமாமவர்கள் ஆதாரமாக வைக்கிறார்கள். அடுத்து இன்னொரு சம்பவத்தையும் எடுத்துவைக்கிறார்கள். உமாரா அல்ஜர்மி என்பவர் ஏழெட்டு வயதுச் சிறுவராக இருந்தபோது, தாயா, தகப்பனின் உடன்பிறந்தவரா என்று தேர்ந்துகொள்ளும்படி அலி (ரலி) அவர்கள் அவரிடமே விட்டார்கள். அவருடைய தம்பியைக் காட்டி, இவனுக்கும் இந்த வயது வந்திருந்தால் இவனையும் கேட்டிருப்பேன் என்றும் தெரிவித்தார்கள்.

அதே பகுதியில் ஒரு சிறு விவரம் வருகிறது. தாயைத் தேர்ந்துகொண்ட ஆண்பிள்ளை பகலில் ஓதும் பள்ளிக்கோ, தொழில் பழகவோ போய்வர வேண்டும். இரவில் தாயிடம் வந்து அடைய வேண்டும். செலவு தந்தையின் பொறுப்பு என்று இமாமவர்கள் விதிக்கிறார்கள். இதை ஓதும்போது ஷிஃபுல் கைஃப் வீட்டுக்குக் கையில் எலும்புகளோடு இருட்டும் நேரம் திரும்பி வரும் சிறுவன் நம் கண்முன் நிற்கிறான்.

வாப்பா மௌத்தான வீட்டில் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடியும் முன்பே, பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்ற பேச்சு எழுவதை நாம் கேட்டிருக்கிறோம். பெரியவாப்பாவும் சாச்சாவும் ஒரு பக்கம். இத்தாவில் இருக்கும் பெண் ஒரு பக்கம். ஷாஃபிஈ மத்ஹப் என்று சொல்லிக்கொள்ளும் ஊரிலேயே, பிள்ளை எங்கள் வமிசம் என்ற ஒரே பேச்சில் தாயின் வாய் அடைக்கப்படுகிறது. மறுமணம் செய்துகொள்ளாத வரை சிறு பிள்ளை தாயின் பொறுப்பில் என்பதும், பிள்ளைக்குச் சொத்து இருந்தால் அதிலிருந்தும், இல்லையானால் தந்தைவழிப் பாட்டனாரும் செலவுக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் மத்ஹபின் தீர்ப்பு. ஜமாஅத்துக் காரியாலயத்தில் இப்படி ஒரு வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்லும் முன் கிதாபைத் திறந்து பார்க்க வேண்டும். தகப்பன் வமிசம் மறக்கப்படக் கூடாது என்று அக்கறைப்பட்டு ஆயிரம் கிலோ மீட்டர் நடந்தவர்களும் ஒரு தாயார்தாம்.

தாயார் இமாமவர்களைச் சுமந்திருந்தபோது, முஷ்தரி நட்சத்திரம் தம்மிலிருந்து வெளிப்பட்டு மிஸ்ரில் போய் விழுந்து, அதன் சிதறல் ஒவ்வோர் ஊரிலும் விழுந்ததாகக் கனவு கண்டார்கள் என்று கதீப் பக்தாதி (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். மிஸ்ரில் இமாமவர்கள் இருந்தது ஐந்தாண்டுகள்தாம். உடல் நோயால் மிகவும் வருந்தினார்கள். அப்படியிருந்தும் இரவை மூன்றாக்கி, ஒரு பங்கில் எழுதினார்கள், ஒரு பங்கில் தொழுதார்கள், ஒரு பங்கில் தூங்கினார்கள். அங்கே நபி (ஸல்) அவர்களின் வழித்தோன்றலான ஸெய்யிதா நஃபீஸா (ரஹ்) அம்மையாரிடம் சென்று ஹதீது கேட்பார்கள். நோயுற்றால் துஆச் செய்யும்படி சொல்லி அனுப்புவார்கள். பெண்ணிடம் இல்மு கேட்பதில் அவர்களுக்குக் கூச்சம் இருந்ததில்லை.

ஹிஜ்ரி 204, ரஜப் மாதக் கடைசியில் (கி.பி. 820) ஒரு வெள்ளிக்கிழமை இரவு இமாமவர்கள் வஃபாத்தானார்கள். வயது 54. ஜனாஸா ஸெய்யிதா நஃபீஸா அவர்களின் இல்லத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, அந்த அம்மையாரும் தொழுதார்கள். கராஃபா மையவாடியில் அடக்கம் நடந்தது. ஹிஜ்ரி 574-ல் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) காலத்தில் கப்ரின் மீது வேலைப்பாடு மிக்க மரப்பேழை வைக்கப்பட்டது. இன்று நாம் காணும் பெரிய குப்பாவை ஹிஜ்ரி 608-ல் அவர்களின் தம்பி மகனான சுல்தான் காமில் கட்டினார். அந்த ஆண்டு சுல்தானின் தாயார் காலமாகி, இமாமவர்களின் அருகில் அடக்கப்பட்டிருந்தார்கள். குப்பாவின் உள்ளே இமாமவர்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்புகிறவர்கள், அந்தத் தாயாரின் கப்ருக்கும் ஒரு ஃபாத்திஹா ஓதி வருகிறார்கள்.